நூல் காட்டிய வழியும் விமானம் போன வழியும்

"எவ்ளோ தூரம் சித்தி?"

அக்கா மகளுக்குப் பத்து வயது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காத விமானத்தில் போகப்போகிறேன் என்று சொன்ன மாலை, அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது. பதில் சொல்வதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது. "எவ்ளோ நேரம் ஆகும்?"

இரண்டும் ஒரே கேள்வி மாதிரிதான் தெரிகிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் இரண்டு தொலைதூர விமான நிலையங்களுக்கு நடுவே இந்தக் கணக்கு ஒருபோதும் அப்படியே வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதை நான் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் தூரம். அவள் அலமாரியில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. தையல் பெட்டியிலிருந்து கொஞ்சம் நூலை எடுத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து அவள் விரலால் அழுத்திக்கொண்டாள். மறு முனையை நியூயார்க்கில் நான் பிடித்தேன். சுவரில் தொங்கும் வரைபடத்தில் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. பசிபிக் கடலுக்குக் குறுக்கே கிழக்கு நோக்கி நூலைப் படுக்க வைத்தாள். "இப்போ இழுத்துப் பிடி, தொய்வே இருக்கக் கூடாது" என்றேன். இழுத்தாள். நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஜப்பானைத் தாண்டி, சைபீரியாவைத் தாண்டி ஏறிப்போய், உருண்டையைத் தாங்கியிலே பொருத்தும் அந்தத் திருகில் போய் முட்டி நின்றது. வட துருவம்.

"சித்தி, இது மேல வழியா போகுது!"

ஆமாம், மேல் வழியாகத்தான். சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகை கிழக்கில் இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178. பூமியின் எதிரெதிர்ப் பக்கம் என்பதற்கு இரண்டே பாகைதான் குறைவு. இப்படி அமைந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி துருவத்தை ஒட்டியே போகும். தூரத்தை விரல் விட்டே எண்ணிவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1.4 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க் 40.6 பாகை வடக்கு. அங்கிருந்து துருவத்துக்கு 49.4. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. சொச்சம். பெருக்கினால் 15,300 கி.மீ.க்குச் சற்று மேலே வரும். அட்டவணைகளில் இந்த வழித்தடத்துக்குப் போட்டிருக்கும் தூரமும் ஏறக்குறைய 15,350 கி.மீ.தான். உலகில் இன்று இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் தடங்களில் நீளமானது இதுதான். ஒரு குழந்தை நோட்டில் பென்சிலால் போட்ட கணக்கு அவ்வளவு நெருங்கி வந்தது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

இழுத்துப் பிடித்த நூல் காட்டும் கோட்டுக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு அது. நாம் சுவரில் மாட்டும் வரைபடத்தின் அடிப்படை 1569இல் கெரார்டஸ் மெர்க்கேட்டர் வரைந்த முறை. கப்பலோட்டிகள் திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போக வசதியாக வரையப்பட்டது அது. அதில் நேர்க்கோடு என்பது மாறாத திசை, குறுகிய வழி அல்ல. இருக்கைத் திரையில் விமானத்தின் பாதை வில் மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்து 'ஏன் இப்படிச் சுற்றிப் போகிறார்கள்' என்று யாராவது கேட்டால், வளைந்திருப்பது பாதை அல்ல, காகிதம்தான் என்று சொல்லுங்கள்.

சரி, தூரம் முடிந்தது. இனி நேரம். ஜெட் விமானம் உயரத்தில் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. அவளே வகுத்தாள். பதினேழு மணி நேரம் வந்தது. கால அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலே போட்டிருந்தது. "மிச்சம் எங்கே போச்சு?" என்றாள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவது, தாமதத்துக்கென்று விட்டுவைக்கும் நிமிடங்கள் எல்லாம் அதில் சேரும் என்று சொன்னேன். தலையாட்டினாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். காற்றைப் பற்றி அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் மாதம், நள்ளிரவு கடந்து பத்து நிமிடத்தில் கிளம்பினோம். தூங்கி எழுந்து திரையைப் போட்டபோது, வானில் எங்கே இருந்தாலும் செய்தி வந்து சேர்கிற இந்தக் காலத்தில், அவளிடமிருந்து ஒன்று காத்திருந்தது. விமானங்களைக் காட்டும் செயலியில் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"சித்தி, நூல் போன வழியில ஃப்ளைட் போகலையே! ஜப்பான் பக்கமா போகுது. வழி தப்பிடுச்சா?"

திரையில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விமானம் ஜப்பானைத் தாண்டி வட பசிபிக்குக்கு மேலே கிழக்கு நோக்கி முழு வீச்சில் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவை தரையில் அவள் தொய்வாகப் படுக்க வைத்தாளே, ஏறக்குறைய அந்த வழி. திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள் மாறி மாறி வந்தன. பின்காற்று, மணிக்கு 164 கி.மீ. தரை வேகம், அதாவது கீழே நிலத்தையும் கடலையும் கடக்கும் வேகம், மணிக்கு 1,062 கி.மீ.

இதுதான் விஷயம். விமானம் தரையில் ஓடவில்லை, காற்றுக்குள் நீந்துகிறது. காற்று நின்றுகொண்டிருந்தால் நூல் காட்டும் வழிதான் சிறந்தது. ஆனால் ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நிற்பதே இல்லை. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் நடுப்பட்ட பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக, குறுகலான ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதற்குப் பெயர். சூடான வெப்பமண்டலக் காற்றும் குளிர்ந்த துருவக் காற்றும் சந்திக்கும் எல்லையில், பூமியின் சுழற்சியும் சேர்ந்து உருவாக்குகிற ஓட்டம் அது. குளிர்காலத்தில் வலுக்கும், கோடையில் தளரும். சில நாள் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். அந்த ஆற்றில் இறங்கிக்கொள்ளச் சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போனாலும் லாபம்தான்.

கணக்காகவே பார்க்கலாம். துருவ வழியில் 15,350 கி.மீ., காற்று உதவாவிட்டால் 17 மணி நேரம். பசிபிக் வழியில் சுமார் 16,600 கி.மீ., ஆனால் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே 980 கி.மீ. வேகம், அதே 17 மணி நேரம். பின்காற்று அதைவிட ஓங்கினால் நீளமான வழி முந்திவிடும். இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு விமானத்துக்கும், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு புதிதாகப் போடுகிறார்கள். நேற்றைய வழி இன்றைக்கு இல்லை. வட அட்லாண்டிக்கில் இதையே ஓர் ஏற்பாடாக வைத்திருக்கிறார்கள். மேற்கே போகிறவர்களுக்குப் பகலில் ஒரு தொகுதித் தடங்கள், கிழக்கே போகிறவர்களுக்கு இரவில் இன்னொரு தொகுதி. காற்றைப் பார்த்து அவை நாளுக்கு இரண்டு முறை புதிதாக வரையப்படுகின்றன.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று கீழிருந்து கருவியால் பின்தொடர்ந்தார். உயரத்தில் குளிர்காலக் காற்று மிரளவைக்கும் வேகத்தில் ஓடுவதைக் கண்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926இல் தன் அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டார். பொது மொழி என்று நம்பித் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1944 இறுதியில் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோ மீது பறந்தபோதுதான், எங்கிருந்து இவ்வளவு காற்று வருகிறது என்று அமெரிக்க விமானிகள் திகைத்தார்கள். கையிலிருக்கும் ஓர் உண்மை மொழியில் சிக்கி ஏறக்குறைய இருபது வருடம் கிடந்த கதை இது. சொந்த மொழியில் எழுதுகிற எனக்கு ஓயிஷியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

போவதற்கு ஒரு நேரம், திரும்புவதற்கு ஒரு நேரம் என்பதும் இந்தக் காற்றால்தான். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே.க்கும் நடுவே சுமார் 5,540 கி.மீ. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதே 5,540. ஆனால் நியூயார்க்கிலிருந்து லண்டன் போகிறவர் வழக்கமாக ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போய்விடுகிறார். 2020 பிப்ரவரி 9 அன்று, கியாரா என்ற புயலின் தயவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு போயிங் 747 அந்தத் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை விட வேகமா என்றால், இல்லை. விமானம் தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் எப்போதும்போலத்தான் போனது; அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

'போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், மொத்தத்தில் சரியாகப் போய்விடும்' என்று பலரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். இப்போது 100 கி.மீ. காற்று. போகும்போது 1,000 கி.மீ. வேகம், 9 மணி நேரம். வரும்போது 800, அதாவது 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். காற்று கொடுத்ததைவிட எடுத்துக்கொள்வது எப்போதும் கொஞ்சம் அதிகம்.

காற்றாவது இயற்கை. மனிதர்கள் போடும் வேலி வேறு. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் பதின்மூன்று மணி நேரத்துக்கு மாறின. சைபீரியாவைச் சுற்றிக்கொண்டு சில நாள் வட துருவத்தின் மேலேயே பறந்தன. இரண்டு விமான நிலையங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, தூரக் கணிப்பான் இன்றும் சுமார் 7,800 கி.மீ. என்றுதான் காட்டும். இமயமலைக்கும் திபெத் பீடபூமிக்கும் மேலே அதிக விமானங்களைப் பார்க்க மாட்டோம் என்பதற்குக் காரணம் வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் பிராணவாயு முகமூடி அதுவரை தாங்கத்தான். கீழே நிலமே 15,000 அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? கடலிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. ஓர் என்ஜின் நின்றுவிட்டால் இன்னோர் என்ஜினோடு எத்தனை நிமிடத்தில் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியும் என்பதை வைத்து இரட்டை என்ஜின் விமானங்களுக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் அது 60 நிமிடம். 1985இல் 120 ஆனது. இப்போது சில விமானங்களுக்கு ஆறு மணி நேரம்கூட உண்டு. சிட்னிக்கும் சான்டியாகோவுக்கும் நடுவே அன்டார்க்டிகாவை நோக்கி இறங்கி வளையும் அந்த ஆளில்லா வழியில் இன்று இரண்டே என்ஜினோடு போக முடிவது இதனால்தான்.

என் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது நான் வேறொரு கண்டத்தில் இருந்தேன். தகவல் வந்ததும் டிக்கெட் தேடினேன். இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்றில் மொத்தத் தூரம் குறைவு, நடுவே விமானம் மாற 1 மணி 10 நிமிடம். மற்றதில் 900 கி.மீ. கூடுதல் சுற்று, நடுவே நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். திரையில் முதலாவதின் பயணநேரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் குறைவாகத் தெரிந்தது. யோசிக்காமல் அதை எடுத்தேன். முதல் விமானம் முழுக்க மேற்கு நோக்கி எதிர்க்காற்றில் போனது. முப்பத்தைந்து நிமிடம் தாமதம். பிறகு நெரிசலால் நிலையத்தின் மேலேயே இருபத்தைந்து நிமிடம் வட்டமடித்தது. கதவு திறந்ததும் ஓடினேன். எனக்கான கேட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது; இந்தப் பக்கம் கதவைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த விமானம் பதினொரு மணி நேரம் கழித்து என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை, யாரும் என் அவசரத்தை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன முஷ்டி மட்டும் வெளியே தெரிந்தது. கட்டைவிரலை மற்ற நாலு விரல்களுக்குள் பொத்தி வைத்திருந்தாள். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முஷ்டிதான் இன்று நூல் முனையை உருண்டையில் அழுத்திப் பிடிக்கிறது.

அன்றிலிருந்து ஓர் அட்டவணையைப் பார்த்தால் நான் வேறு மாதிரி படிக்கிறேன். டிக்கெட்டில் போடும் பயணநேரம் என்பது நிலையத்தில் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறு நிலையத்தில் கட்டை வைக்கும்வரை. வானத்தில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு, நான் வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போய்ச் சேரும் நேரம் அதைவிட மிக அதிகம். விமானம் மாறுவதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு போதும் என்று நிலையங்கள் ஓர் எண் வைத்திருக்கின்றன. எல்லாம் நேரத்துக்கு நடந்தால்தான் அந்த எண் பொருந்தும். மேற்கே போகும் நீண்ட பயணம், அதுவும் குளிர்காலம் என்றால் நான் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை எடுப்பதே இல்லை. அவசரமாகப் போகிறவர்கள்தான் நீண்ட இடைவெளியை எடுக்க வேண்டும். கேட்க முரணாக இருக்கும்; அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

இடைநில்லாப் பயணத்தில் இந்தப் பயம் இல்லை. ஆனால் அதற்கு விமானம் கொடுக்கும் விலை எரிபொருள். இந்தத் தடத்துக்கென்றே ஏற்பாடு செய்த ஏர்பஸ் ஏ350-900 வகையில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். பயணிகள் இருக்கை வெறும் 161. முதல் பல மணி நேரம் அது தன் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருளை எரிக்கிறது. எடை குறையக் குறையத்தான் மெல்லிய காற்றுக்கு ஏற முடியும். திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் உயரம் படிப்படியாக ஏறுவது தெரியும். நான் தூங்கும்போது 33,000 அடி, எழுந்தபோது 37,000, கடைசியில் 41,000.

அன்று பசிபிக் மேலே ஜன்னல் மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சூரியனை எதிர்கொண்டு பறப்பதால் பகல் மளமளவென்று ஓடிப்போய், வட அமெரிக்கக் கரையை நெருங்கும்போதே இருட்டிவிட்டது. அப்புறம் ஒரு குட்டி இரவு. நியூயார்க்கை நோக்கி இறங்கும்போது கிழக்கே மறுபடி ஒரு சிவப்புக் கோடு. நள்ளிரவுக்குப் பின் கிளம்பினேன். பதினேழு மணி இருபது நிமிடம் வானில் இருந்தேன். போய் இறங்கியபோது அதே தேதியில் காலை ஐந்தரை. ஒரே பயணத்தில் இரண்டு விடியல்.

இரண்டு விடியல் என்பதைப் பெயராகவே தாங்கிய ஒரு வான்வழி இருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் நடுவே காட்டலினா என்ற கடல் விமானங்கள் பறந்தன. எதிரி விமானங்களுக்குத் தெரியக் கூடாதென்று வானொலியைப் பேசவிடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். சில பயணங்கள் 30 மணி நேரத்தையும் தாண்டின. எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளைத்தான் ஏற்ற முடிந்தது. இரண்டு முறை சூரியோதயம் பார்த்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏறக்குறைய ஏழு மணி நேரத் தூரம். 1947இல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கான்ஸ்டலேஷன் விமானங்களை விட்டபோது, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நாலு நாள் ஆனது. 2018இல் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைவிடாமல் பதினேழு மணி நேரம். 2024இல் மேற்காசிய வான்வெளிப் பிரச்சினையால் அதே விமானம் சில காலம் மறுபடி சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது.

நாலு வாரம் கழித்து நியூயார்க்கிலிருந்து திரும்பினேன். இரவில் கிளம்பிய விமானம் இந்த முறையும் மேற்கே திரும்பவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவின் மேலே, கிழக்கு நோக்கியே சிங்கப்பூர் போனது. அன்றைய காற்று அப்படி. போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே. ஒரு போய்வரவில் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறேன் என்பது திரையில் கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நூலோடு தயாராக இருந்தாள். செயலியில் பார்த்து இரண்டு வழிகளையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். உருண்டையைச் சுற்றி நூலை ஒட்டி முடித்துவிட்டு, "அப்போ உங்களுக்கு ஒரு நாள் கூடுதலா கிடைச்சிச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஐநூறு வருடப் பழசு. மெகல்லனோடு கிளம்பி மேற்கு நோக்கியே உலகைச் சுற்றிய கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கியது. கப்பலில் நாள் தவறாமல் குறிப்பெழுதிவந்த அன்டோனியோ பிகஃபெட்டாவின் கணக்கில் அன்று புதன்கிழமை. கரையில் கேட்டால் வியாழன் என்றார்கள். ஒரு நாளும் விடாமல் எழுதியவர், எங்கே தவறினோம் என்று குழம்பினார். தவறவில்லை. சூரியன் போகும் திசையிலேயே சுற்றியதால் கரையில் இருந்தவர்களைவிட ஒரு விடியல் குறைவாகப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் சுற்றியது எதிர்த்திசையில். ஆகவே நான் போய் வந்த நாள்களில் அவள் பார்த்ததைவிட ஒரு விடியல் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். நாள்காட்டியில் அது எங்கும் சேராது. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது அது சத்தமில்லாமல் கழிக்கப்பட்டுவிட்டது. இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்துவிட்டது என்றாள். எனக்குப் புரியவே நிறைய நாள் ஆனது.

"இருக்கிறதிலேயே ரொம்ப தூரம் எது சித்தி? இதுக்கு மேல போகவே முடியாதுங்கற மாதிரி?"

பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கி.மீ. சொச்சம். ஆக, எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இருபதாயிரத்துக்கு மேல் போகவே முடியாது. அதைத் தாண்டினால் மறுபக்கமாக நெருங்க ஆரம்பித்துவிடுவோம். அந்த எல்லையை ஏறக்குறைய தொட்டுவிடும் இரண்டு தலைநகரங்கள் இருக்கின்றன. ஸ்பெயினின் மாட்ரிட், நியூசிலாந்தின் வெலிங்டன். நடுவே சுமார் 19,850 கி.மீ. இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் விமானம் இன்றுவரை இல்லை.

மாட்ரிட்டில் நான் விரல் வைத்தேன். வெலிங்டனில் அவள். நூலை இழுத்துப் பிடித்தோம். ஆசியா வழியாகப் போனது. ஒற்றை விரலால் அதை மெல்லத் தள்ளினாள். இறுக்கம் குறையாமல் அப்படியே நகர்ந்து வட துருவத்தின் மேல் வந்து நின்றது. இன்னும் தள்ளினாள், அமெரிக்காவின் மேல் வந்தது. உருண்டையைத் திருப்பி ஆப்பிரிக்கா வழியாகவும் வைத்துப் பார்த்தாள். நூலில் தொய்வு விழவே இல்லை.

"எந்தப் பக்கம் வெச்சாலும் ஒரே தூரம்தான் வருது" என்றாள். கொஞ்ச நேரம் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்போ காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுக் கிளம்பலாம், இல்லையா சித்தி?" என்றாள்.